ஒரே லைன், பதினொரு பாடு

எண்பதுகளின் கடைசியில் மதராஸில் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். தலைமுடி கனம்கூட இல்லாத கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பி, அந்த வெளிச்சத்தில் ஊரார் பேச்சையெல்லாம் ஏற்றிவிடலாம் என்று ஒரு இளம் அதிகாரி சொல்லிக்கொடுத்தார். பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் நுனியில் விசிறி மாதிரிப் பத்துப் பன்னிரண்டு கிளை வரைந்தார்.

"வெளிநாட்டில் இப்படித்தான் செய்யப் போகிறார்கள். இத்தனை வீட்டுக்கும் ஒரே இழை. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினால் வெளிச்சத்தோடு வெளிச்சம் மோதி எதுவும் விளங்காது. அதனால் ஆளுக்கு ஒரு துளி நேரம். சரி, ஒருவனுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை, அவன் நேரத்தை என்ன செய்வீர்கள்? பட்டியலில் இல்லாத ஒருவன் அவசரம் என்று வந்து நின்றால் யாரை நிறுத்துவீர்கள்?" என்று கேட்டார்.

மற்றவர்கள் அந்தக் கோட்டை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் சிரித்துவிட்டேன். "என்ன மேடம்?" என்றார், முகம் சிவந்து. "ஒன்றுமில்லை சார், பழவேற்காடு ஞாபகம் வந்தது" என்றேன். மீன் ஞாபகம் என்று நினைத்திருப்பார். எனக்கு வந்தது இறால் ஷெட்டும், ஒரு பச்சைத் தாவணிப் போர்த்தலும், நான் செய்த ஒரு முட்டாள்தனமும். சபையில் சொல்லக் கூச்சமாக இருந்தது. இங்கே சொல்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதியில் பழவேற்காடு தபாலாபீஸின் பக்கத்து அறையில் நான் டெலிபோன் ஆபரேட்டர். வீடு மீஞ்சூரில். காலை ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். பஸ்ஸில் எனக்கு எப்போதும் சீட் உண்டு. பாசம் ஒன்றும் கிடையாது, என் வாய்க்குப் பயந்துதான்.

என் எதிரே ஒரு மரப் போர்டு. ஊரில் போன் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேலே பொட்டு மாதிரி ஒரு சின்ன உலோக மூடி. அவர்கள் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி 'டக்'கென்று விழும். நான் வயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். ஊருக்குள் பேசுவதற்கு இது தாராளம். ஊரை விட்டு வெளியே போக ஒரே லைன்தான். அது பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து மதராஸுக்குப் போய், அப்புறம் உலகத்துக்கெல்லாம் போகும். யார் பேசினாலும் அந்த ஒரு கம்பிதான்.

ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று வெளியூர் பேசும் ட்ரங்க் காலில் மூன்று ஜாதி. அர்ஜெண்ட் வந்தால் ஆர்டினரி ஒதுங்க வேண்டும். லைட்னிங் வந்தால் அர்ஜெண்டும் ஒதுங்க வேண்டும். எழுதும்போது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இறால் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்த காலம் அது. ஊரில் இறால் வாங்கி அனுப்பும் ஷெட் மூன்று. மூன்று ஷெட்டின் ஏஜெண்டுகளும் எதற்கெடுத்தாலும் அர்ஜெண்ட் போட்டார்கள். இறால் வந்தாலும் அர்ஜெண்ட், வராவிட்டாலும் அர்ஜெண்ட். ஒருவர் போட்டதைப் பார்த்து இன்னொருவர் லைட்னிங் போடுவார். எல்லாரும் அவசரக்காரர் ஆன பிறகு யாருக்கும் அவசரம் இல்லாத மாதிரிதான். காலையில் ஆர்டினரி புக் செய்த குப்பத்துக்காரர்களுக்கு மதராஸ் மார்க்கெட்டில் என்ன விலை போகிறது என்று தெரிவதற்குள் அவர்கள் மீன் நாறத் தொடங்கிவிடும். திட்டு எனக்கு.

ஒருநாள் கோட்டைக்குப்பத்திலிருந்து ஏழு பேர் திரண்டு வந்தார்கள். முன்னால் நின்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மீசைக்காரர். எப்போது பேசினாலும் ஏரியின் எதிர்க்கரைக்குக் கேட்கிற குரல்.

"இன்னாம்மா இது? ஏரில எங்களுக்குள்ள சண்டையா வருது? அங்க எப்படி நடக்குதோ அப்படியே இங்கயும் பாடு வெச்சிக்கலாம்."

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடுகிற சில இடங்கள்தான் நல்ல இடங்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று குப்பங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அன்றைக்கு யார் பாடோ அவர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தண்ணீரில் கை வைக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர், சண்டை ஓய்ந்தால் போதும் என்பார். ஏஜெண்டுகளுக்கும் ஒருவரையொருவர் முந்திக் களைத்துப்போயிருந்தது. யாரும் அர்ஜெண்ட் போடுவதில்லை, லைட்னிங் பேச்சே கிடையாது, தினமும் ஆளுக்கு ஒரு கால், இன்று முதலில் பேசியவர் நாளை கடைசி என்று முடிவாயிற்று. மூன்று ஷெட், ஒரு ஐஸ் கம்பெனி, ஏழு குப்பத்துக்காரர்கள், ஆக மொத்தம் பதினொரு பாடு. நானே சிவப்பு மையில் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் என் சீட்டு கிழிந்திருக்கும். ஆனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ நானே ஏரியைப் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி ஒரு மிதப்பு.

நாலு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள்தான் விஷயம் புரிந்தது. குப்பத்துக்காரர் ஒருவர் தன் முறை வந்ததும் ஆபீஸ் ஓரத்தில் இருந்த போன் கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தார்.

"யாருக்குப் பேசணும்?" என்றேன்.

"யாருக்கும் இல்ல."

"அப்ப எதுக்கு நிக்கறீங்க?"

"என் பாடும்மா இது."

ஏரியில் பாட்டைச் சும்மா விட்டால், "உனக்குத்தான் அது வேணாமே" என்று அடுத்த சுற்றில் யாராவது பேச்சை எடுப்பார்களாம். மீன் வருகிறதோ இல்லையோ வலையைக் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் பாத்தியதை நிலைக்கும். போனுக்கும் அதே கணக்கு. அவர் பொன்னேரி ஆபரேட்டரையே கூப்பிடச் சொல்லி, "அங்க மழையா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றாள் அவள். "இங்கயும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கடமையை முடித்த திருப்தியோடு வெளியே போனார். இன்னொருவர் மீஞ்சூர் ரைஸ்மில்லில் வேலை பார்க்கும் மச்சானைக் கூப்பிட்டு, "ஒண்ணும் இல்ல மச்சான், சும்மாதான்" என்று ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிஷமும் சொன்னார். மச்சான் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து மறுநாள் பஸ் ஏறி வந்துவிட்டார். ஐஸ் கம்பெனிக்காரர் சளைத்தவரா? அவரும் தன் பங்கை விடாமல், மதராஸில் இருக்கிற கடியாரக் கடைக்குப் போன் போட்டு மணி கேட்டார்.

பொன்னேரி ஆபரேட்டர் என் சிநேகிதி. முகம் பார்த்ததில்லை, குரல் சிநேகம்தான். "இன்னாடி உங்க ஊர்ல, எல்லாருக்கும் புத்தி பேதலிச்சிருச்சா?" என்று கேட்டாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பட்டியலை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. நான் எழுதிய பட்டியலில் நானே தப்பு கண்டுபிடிப்பதா என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வந்தாள். ஊருக்குள் முஸ்லிம் தெருவில் இருப்பவள், இருபத்திரண்டு வயதிருக்கும். தலைமேல் பச்சைத் தாவணியைப் போர்த்தி, இடுப்பில் ஒரு குழந்தை. கையில் கசங்கிய தந்திக் காகிதம். கொச்சியில் ஒரு நம்பரைக் காட்டி, ஆர்டினரி புக் செய்ய வேண்டும் என்றாள்.

"பதினொரு பேர் முன்னாடி இருக்காங்க. அவங்க முடிஞ்சதும்தான்."

"கொஞ்சம் அவசரம்க்கா."

"இங்க வர்ற எல்லாருக்கும் அவசரம்தாம்மா. அதுக்குத்தான் பட்டியல் போட்டு வெச்சிருக்கு. பாரு" என்று சுவரைக் காட்டினேன். அவள் பார்த்தாள். அதில் அவள் பெயர் இல்லை, தெருவும் இல்லை. போன் பேசுகிறவர்கள் இந்தப் பதினொரு பேர்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதின பட்டியல் அது. அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஒரு கால் போட்டு, மதராஸ் எடுத்து, அந்தப் பக்கம் ஆள் வந்து பேசி முடிக்க அரைமணி ஆகும் சில சமயம். அன்றைக்கு முதல் எட்டுப் பேரில் நாலு பேர் 'சும்மாதான்' கட்சி. குழந்தை அழுதது, தூங்கியது, மறுபடி அழுதது. அவள் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்தாள். ஒரு தடவைகூட என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எரிந்து விழுந்திருப்பேன், அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு மணிக்கு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அவள் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு தோசையை நீட்டிக்கொண்டே, "அப்படி இன்னாம்மா அவசரம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்குக் கையெழுத்து போட்டுருவாருக்கா."

அவள் புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். போய் இரண்டு வருஷம் முடியப் போகிறது. குழந்தை முகத்தைப் பார்த்ததில்லை. கப்பல் அன்றைக்குக் கொச்சியில் நிற்கிறது. கம்பெனி ஏஜெண்டு ஆபீஸில் இரண்டு மணிக்கு மறுபடியும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப் போகிறார். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். தந்தியில், இந்த நம்பரில் இருப்பேன், சம்மதம்தானே என்று கேட்டிருந்தார்.

"நீ இன்னா சொல்லப் போற?"

"போட வேணாம், வந்துடுங்கன்னு சொல்லணும். கடுதாசில எழுதுனா மாமியார் படிச்சிட்டுத்தான் தபால்ல போடுவாங்க. ரெண்டு தபா எழுதுனேன். ரெண்டு தபாவும் அவங்களே கிழிச்சிட்டாங்க."

நான் டப்பாவை மூடி வைத்தேன். காலையில் ஒன்பது மணிக்கு லைன் கொடுத்திருந்தால் இந்நேரம் அவள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். நான் யாருக்குக் கொடுத்தேன்? மழை வருகிறதா என்று கேட்டவருக்கு. மணி என்ன என்று கேட்டவருக்கு. இந்த ஏற்பாட்டில்தான் எனக்கு அவ்வளவு பெருமை. வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

அடுத்த பாடு மீசைக்காரருடையது. கூண்டுக்குள் போகத் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"யாருக்குப் பேசணும்?" என்று கத்தினேன்.

"யாருக்காவது பேசணும்" என்றார்.

"பேச ஆள் இல்லைன்னா இந்தப் பொண்ணுக்கு விடுங்க. அது வீட்டுக்காரரு ரெண்டு மணிக்குக் கையெழுத்து போட்டுட்டா இன்னும் ரெண்டு வருஷம் வரமாட்டாரு."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், சுவரிலிருந்த என் பட்டியலைப் பார்த்தார். உண்மையிலேயே கஷ்டப்பட்டார். "பாட்டை விடறதுன்னா... நானே கொண்டாந்த ஏற்பாடு. நானே விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றார்.

"நீங்களும் உங்க பாடும்!" என்று நான் ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து இன்னும் என்னென்னவோ வந்தன, இங்கே எழுத முடியாது. பெஞ்சிலிருந்த குப்பத்துக்காரர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "இரும்மா, இரு. ஏரில என் வலை கிழிஞ்சிருந்தா சகலை வலைய வாங்கி என் பாட்டுல கட்டுவேன். அதை ஒருத்தனும் கேக்க மாட்டான். பாடு என்னுது, வலை இந்தப் பொண்ணுது. எழுது."

ட்ரங்க் கால் டிக்கெட்டை அவர் பெயரில் எழுதினேன். பாத்தியதை போய்விடக் கூடாதே என்று, அவள் பேசி முடிக்கும்வரை அவர் கூண்டின் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார். பொன்னேரியைக் கூப்பிட்டு, "கொச்சிடி, உயிர் போற அவசரம், ஆனா ஆர்டினரி" என்றேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மதராஸ் ஆபரேட்டரிடம் எப்படிக் கெஞ்சினாளோ, ஒன்று ஐம்பதுக்குக் கொச்சி கிடைத்தது.

கிடைத்துத்தான் என்ன? நாலு ஊர் தாண்டி வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. கூண்டில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் ஹெட்போனில் மட்டும் லேசாகக் கேட்டது. சட்டப்படி வெளியாள் வரக்கூடாத அறைக்குள் அவளை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினேன். அவள் சொல்லச் சொல்ல நான் கத்த வேண்டும். அவர் சொல்லச் சொல்ல அவளிடம் சொல்ல வேண்டும்.

"ஒப்பந்தம் வேணாம்னு சொல்லுங்கக்கா."

"ஒப்பந்தம் வேணாமாம்!"

"ஏனாம்னு கேக்கறாரும்மா."

அவள் தரையைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் ஏழெட்டு மீனவர்கள், கவுண்டரில் போஸ்ட்மாஸ்டர், லைனில் மூன்று ஆபரேட்டர்கள். "சும்மா, வரச் சொல்லுங்க" என்றாள், வாய்க்குள்.

"வரணுமாம்!"

அவர் காரணங்களை அடுக்கினார். வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும், தங்கச்சிக்கு நிக்காஹ் பேச வேண்டும், ரெண்டு வருஷம் ஓடியே போயிரும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் போய்விட்டது. எனக்குப் பொறுமை தீர்ந்தது. கல்யாணமே ஆகாத நான், யாரோ ஒருத்தருடைய புருஷனிடம் கத்தினேன்: "யோவ், ஓடு யாருக்கு வேணும்? நீ வாய்யா வீட்டுக்கு!"

மதராஸ் ஆபரேட்டர் இருமுவது கேட்டது. அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் தலையிலிருந்த ஹெட்போனை அவளே கழற்றி, அதன் பேசும் குழலை வாயருகில் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடியலைங்க!" என்று கத்தினாள். "இன்னும் ரெண்டு வருசம் என்னால முடியாதுங்க!" அப்புறம் வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது, சத்தமாக, கூச்சமே இல்லாமல். மீசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

அப்போது லைன் செத்தது. ஹெட்போனை வாங்கி மாட்டினேன். "மதராஸ்ல இழுத்துக்கிட்டாங்கடி" என்றாள் பொன்னேரிக்காரி. "ஏதோ சர்க்கார் கால். எல்லாத்துக்கும் மேல அது. நான் இன்னா செய்ய?"

திரும்பக் கேட்டதற்கு, ஒரு மணி நேரத்துக்குக் கொச்சி கிடைக்காது என்றார்கள். மணி ஒன்று ஐம்பத்தைந்து. அவருக்குக் கேட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, மீசைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள். அடுத்த பாட்டுக்காரர் கூண்டுக்குள் போகவே மறுத்துவிட்டார். அதற்கடுத்தவரும் வேண்டாம் என்றார். அந்தப் பட்டியலில் முதல்முறையாகப் பாடு சும்மா போனது.

இரண்டரை மணிக்குப் பொன்னேரி மூடி விழுந்தது.

"டிக்கெட்டெல்லாம் எழுதாதே, கேளு" என்றாள் அவள், மூச்சு வாங்க. "மதராஸ்லதான் லைனை அறுத்தாங்க. அறுந்தது தெரியாம அந்த மனுசன் கொச்சியில பேசிக்கிட்டே இருந்திருக்காரு. கொச்சி ஆபரேட்டர் கேட்டுட்டு, சர்க்கார் கால் சீக்கிரமே முடிஞ்சதும் மதராஸ் பொண்ணுகிட்ட சொல்லி, அது எங்கிட்ட சொல்லுச்சு. வர்றாராம்டி! அப்புறம் கையெழுத்து எங்க போடறது!" என்று, அவர் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே சொன்னாள்.

போர்டை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். நான் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் 'டக் டக்'கென்று மூடிகள் விழுந்தன, மூன்று ஷெட்டும் ஐஸ் கம்பெனியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. செருப்பு வேறு அறுந்தது. முஸ்லிம் தெருவில் அவள் தன் வீட்டு வாசலுக்கு முன்னால் உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாள். மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று நின்றிருக்கிறாள்.

"வர்றாராம்மா" என்றேன். அதற்குமேல் மூச்சு இல்லை.

அவள் நம்பவில்லை. "உங்களுக்குக் கேட்டுச்சாக்கா?"

"எனக்குக் கேக்கல. கொச்சியில ஒரு பொண்ணுக்குக் கேட்டுச்சு. கை மாத்திக் கை மாத்தி வந்து சேந்துச்சு."

"அவரு இன்னா சொன்னாரோ அதையே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

சொன்னேன். "அழாத. வர்றேன். அழாத புள்ள."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாலு ஊர், நாலு ஆபரேட்டர், அத்தனை கம்பி. அவர் வருவதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"நான் அழுதது அவருக்குக் கேட்டுச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.